ஊமைச் சபையை எழுப்பிய சொல்

ஓடுகிறோம். மருதமுனை. வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைப் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி. தூரத்தில் ஷெல் ஏவுகிற 'டும்'. ஏழு எண்ணினால் பக்கத்தில் 'படார்'. கூரை ஓடுகள் சரிகின்றன.

"படுங்க! எல்லாரும் படுங்க!"

வாப்பா கத்துகிறார். மண்ணில் விழுகிறோம். எழும்புகிறோம். பள்ளிவாசல் மதிலுக்குப் பின்னால் வந்ததும் உம்மா தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது.

"நஸீரா எங்க? அல்லாஹ்வே, புள்ள எங்க?"

என் தங்கை. எட்டு வயது. வாப்பா பிடித்திருக்கிறார் என்று உம்மா நினைத்தார். உம்மாவோடு என்று வாப்பா. எனக்கு மட்டும் தெரியும். வீட்டுத் தறிக்குழிக்குள் இருக்கிறாள். நெய்கிறவர் காலை விட்டு மிதிக்கிற குழி அது. அவளை அதில் இறக்கிவிட்டு, மேலே துணி போட்டு, கிணற்றடிக்குப் போனது நான்தான். ஓடு என்றதும் அங்கிருந்தே ஓடி வந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். வெடிச் சத்தம் கேட்டால் அவள் வீரிட்டு அழுவாள். அழாமலிருக்க நான் ஓர் உலகம் செய்தேன். நுரைநாடு. நம் இஸ்லாத்தைப் போல அதற்கும் ஒரு மார்க்கம். மார்க்கத்துக்கு மூன்று சபைகள். விளக்குச் சபை கடலுக்கு வெளிச்சம் காட்டும்; அதன் தலைவி விளக்கம்மா. வலைச் சபை பசித்தவருக்குச் சோறு போடும். ஊமைச் சபை குழிக்குள் இருந்து ஊரின் பயத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். நஸீரா ஊமைச் சபை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழும்பக் கூடாது. உம்மா கூப்பிட்டாலும் கூடாது. "விளக்கம்மா வந்திட்டா, எழும்பு" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். சட்டம் போட்டது நான். பதின்மூன்று வயதுக் கழுதை.

வாப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் தோலை உரித்திருப்பார். அல்லாஹ்வுக்கு இணை வைக்கிறாயா என்று கேட்டிருப்பார்.

வாப்பா திரும்ப ஓடுகிறார். குரல் கேட்கிறது.

"நஸீரா! வா புள்ள! நஸீரா!"

அவள் வரமாட்டாள். எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. வெட்கம். அடி விழும் என்ற பயம். சீ, உயிர் போகிற நேரத்தில் என்ன வெட்கம்!

வாப்பா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "வீட்டுக்குள்ள இல்ல!" உம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சொன்னேன். குழி, சபை, சொல், எல்லாம். வாப்பா என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை.

"எத்தின தரம்?"

"மூணு, வாப்பா."

ஓடினார். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஐந்து வேளைத் தொழுகையில் ஒரு வக்தும் விடாத மனிதர். முழுத் தொண்டையில் கத்துகிறார்.

"விளக்கம்மா வந்திட்டா, எழும்பு!"

ஒன்று. இரண்டு. மூன்று.

'டும்'. எண்ணினேன். ஏழு வரவில்லை. ஐந்தில் விழுந்தது.

நஸீரா புழுதிக்குள்ளிருந்து ஓடி வந்தாள். வாப்பா அவளை முன்னால் தள்ளிவிட்டிருக்கிறார். அவர் வரவில்லை.

அல்லாஹ் ஒருவனே என்கிற கலிமாவை வாப்பா கடைசியாகச் சொன்னாரா என்று உம்மா இன்றைக்கும் கேட்கிறார். "ஓம் உம்மா, எனக்குக் கேட்டிச்சு" என்கிறேன். பொய். சொல்லிச் சொல்லி வாய் கசந்துவிட்டது. என் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வருகிறது. அவர் முதல் தரம் ஓடியபோதே சொல்லியிருந்தால் நேரம் இருந்தது. எத்தனையோ தரம் மனதுக்குள் ஓடிப் பார்த்துவிட்டேன். இருந்தது.

இழந்தவை. ஓட்டு வீடு ஒன்று. தறி ஒன்று, அதில் இடுப்பில் உடுக்கிற சாரம் பாதி நெய்தபடி. மாடு ஒன்று, கன்று ஒன்று. நுரைநாடு முழுவதும், அதைப் பற்றி நானும் நஸீராவும் பிறகு ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

ஆள் ஒருவர். வாப்பா. நாற்பத்தொரு வயது. நான் முதலிலேயே வாய் திறந்திருந்தால் இந்த வரி இருக்காது.