மைக் போடாத ஆட்டம்

— "ஏன் சுதா, போன் ஆட்டத்துல சும்மா சும்மா குதிச்சிகினே கீறே?"ன்னு அன்னிக்குக் கேட்டீங்களே பாவா, அதுக்கு இப்ப பதில் சொல்லட்டா?

— ஆட்டம் பேசவா பொதட்டூர்பேட்டைலருந்து திருத்தணிக்கு வந்தேன்? உங்கக்கா தேவயானி எங்க? அங்க எங்க வீட்ல தறி ஓடிகினே கீது, ஆளக் காணோம்.

— அதத்தான் சொல்ல வர்றேன். அவ போன்ல எல்லாத்தயும் நோண்டிப் பார்ப்பீங்க. அம்மாகிட்ட பேசினாக்கூட ஸ்பீக்கர்ல போடணும்.

— புருசன் பார்க்காம?

— துப்பாக்கி ஆட்டத்துக்கு மட்டும் நீங்களே எங்களக் கூப்டீங்க, மைக் போடக் கூடாதுன்னு சொல்லி.

— ஆங், டீமுக்கு நாலு பேரு வேணும். நான், என் தம்பி கந்தன், அப்புறம் துப்பாக்கி புடிக்கத் தெரியாத நீங்க ரெண்டு பேரு. அதுக்கு இன்னா?

— ஆட்டத்து பொம்மைய எத்தினி தடவ குதிக்க வைக்கிறோமோ, அத வச்சி க வரிசையா, ச வரிசையான்னு சொல்லுவோம். கா-வா, கி-யான்னு அத்தினி தடவ குந்தி எழுந்து சொல்லுவோம். ஸ்கூல்ல சுவத்துல மாட்டியிருந்த எழுத்து அட்டைதான் பாவா.

— ஏய், இன்னா சொல்றே நீ?

— உங்க எதிர்லயேதான் பேசிகினோம். "உன் தங்கச்சி தவளைடி"ன்னு நீங்க சிரிச்சிகினு இருந்தீங்க. நீங்க அடிச்சது, அவ நர்சு படிச்ச சர்டிபிகேட்ட பீரோல வச்சிப் பூட்னது, எல்லாம் அவ குந்தி எழுந்துதான் சொன்னா.

— எட்டாவதோட நின்னவ நீ! சொந்தக்காரங்க வந்தா உள்ள ஓடி ஒளியறவ! வாயே தொறக்க மாட்டியே நீ!

— அப்பவும் தொறக்கல பாவா. குதிச்சேன்.

— மரியாதையா அவள வெளிய வரச் சொல்லு. இல்ல, இந்த வீட்ட ரெண்டாக்கிருவேன்.

— தேடிப் பார்த்துக்கோங்க. காலைலயே அரக்கோணத்துல ரயில் ஏறிட்டா, சர்டிபிகேட்டோட. ஆஸ்பத்திரில வேல. எந்த ஊருன்னு மட்டும் கேக்காதீங்க.

— பொய்! பீரோ சாவி என் இடுப்புல கீது. வெளிக்கதவும் பூட்டு. ரெண்டுக்கும் இன்னொரு சாவி கந்தன்கிட்டதான் கீது.

— ஆங்.

— இன்னாடி ஆங்?

— நேத்து ஆட்டத்துல சின்ன பாவாவும் குதிச்சாரு. நீங்க சுட்டுகினு இருந்தீங்க, பார்க்கல. ரொம்ப நாளாவே எங்க பேச்சு அவருக்குப் புரிஞ்சிருக்குது. "அண்ணன் கேட்டா என் பேர மறைக்காத"ன்னும் குதிச்சிதான் சொன்னாரு.

— கந்தா! என்கூட வந்துட்டு வாசல்லயே நின்னுகினு கீறியே, கேட்டியாடா இவ சொல்றத? இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லுடா... டேய், எங்கடா போறே? திரும்பி என்னப் பாருடா... டேய் கந்தா!