ஒரிஜினல் கேசட்டில் அம்மா இல்லை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் கல்லூரிப் பெண்கள் இருவர். ஒருத்தி கையில் இங்கிலீஷ் ராக் பாட்டுக் கேசட். புதுசு.

“ஏட்டி, மாமா மதுரையில வாங்குன ஒரிஜினல் இது. ஆனா இதுல ஒங்க அம்மா இல்ல.”

“எங்கம்மா எதுக்குட்டி இதுல இருக்கப் போறாவ?”

“நீ டிவி முன்னால டேப்ரிக்கார்டர வச்சுப் பதிஞ்சு தந்தேல்ல, அதுல இருக்காவளே. டிரம்ஸ் நின்ன ஒடனே ‘ஏட்டி, பால் பொங்குது’ம்பாவ.”

“அன்னைக்கு அம்புட்டுப் பாலும் போச்சு. டிவியப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.”

“மூணு வருசமா அப்படியே கேட்டுப் பழகிட்டேன். இதுல அந்த எடத்துல வெறும் கிதார்தான் வருது. சப்புன்னு இருக்கு.”

“அப்ப பழசையே கேளு.”

“டேப்பு சிக்கி அறுந்துபோச்சு. அதான் இத எடுத்துக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வாரேன். பாட்டப் போட்டு மறுபடியும் பதிவோம். அந்த எடத்துல அம்மாவக் கத்தச் சொல்லு.”

“அவிய சும்மால்லாம் கத்த மாட்டாவ. பால் நெசமாவே பொங்கணும்.”

கேசட்காரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“அந்த எடம் மூணாவது நிமிசத்துல வருது. கால் லிட்டர் வச்சாச் சரியா இருக்குமாட்டி?”