ஆளுக்கு ரெண்டு சக்கரம்

— பதினாலு வருஷம் கழிச்சு வந்திருக்கேன், இன்னும் வாசல்லயே நிக்க வெச்சுப் பேசுறே. ஷெட்டைத் திறடா தம்பி.

— திறக்கிறேண்ணா. சாவியைத்தான் தேடுறேன். நான் இந்தப் பக்கம் வந்தே… ஆங், இருக்கு. ஆணியில மாட்டியிருக்கா என் வீட்டுக்காரி.

— பூட்டு துருப்பிடிச்சிருக்குமே.

— இல்லையே, தொட்டதும் திறந்துக்கிச்சு. அண்ணி வரலையா?

— வந்திருக்கா. உன் பொண்டாட்டியோட சமையல்கட்டுல உட்கார்ந்தாச்சு. பதினாலு வருஷம் மூஞ்சி பார்க்காதவங்க பேசுற மாதிரியா இருக்கு? நேத்து விட்ட இடத்துலேர்ந்து பேசுறாங்க.

— அவங்களுக்கு அது வரும்ணா. நமக்குத்தான் வராது.

— துணியை விலக்கு. ஏண்டா, இவ்வளவு சின்னதாவா இருந்துச்சு இந்த இஞ்சின்?

— ஒரு லிட்டர்கூடத் தேறாதுண்ணா. தொள்ளாயிரத்து முப்பத்தி மூணுல இத்தாலியில பண்ண ஃபியட் பலில்லா ஸ்போர்ட். ரெண்டே சீட்டு. வண்டி சின்னதுதான், அப்பா போனதும் நாமதான் அதுக்காகப் பெரிய சண்டை போட்டோம்.

— நீ போட்டே.

— ரெண்டு பேரும்தான். முழுசா உனக்குப் போறதைவிட பாதி எனக்கு இருந்தா போதும்னு நான் நின்னேன். நீயும் அதையேதான் சொன்னே. பஞ்சாயத்துக்கு வந்த மாமா, வண்டியோட பாடியை உனக்கும் இஞ்சினை எனக்கும் பிரிச்சுக் குடுத்துட்டார். ஆளுக்கு ரெண்டு சக்கரம்.

— ஸ்டெப்னியைத் தன் வீட்டுக்கு உருட்டிட்டுப் போனாரே மகராசன், அதைச் சொல்லு.

— அம்மா சொன்னது ஞாபகம் இருக்கா? "உங்கப்பா இந்தச் சக்களத்தியை வெச்சுக்கிட்டு என்னைப் படுத்தினது பத்தாதா, நீங்க வேற அவளை ரெண்டா வெட்டிட்டீங்களே"ன்னு.

— பேச்சை மாத்தாதே. உன் பொண்ணு என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. "பெரியப்பா, கல்யாணத்தன்னிக்குத் தாத்தா கார்ல நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும்"னா. கடைசியா நான் பார்த்தப்ப முன்பல் விழுந்த குட்டி. அவகிட்ட என்ன சொல்லி அனுப்பினேன் தெரியுமா?

— தெரியும். இஞ்சின் சுத்துச்சுன்னா வருவேன், இறுகிக் கிடந்தா கல்யாணத்துக்கே வரமாட்டேன்னு. அன்னியிலேர்ந்து அவ சரியா சாப்பிடலைண்ணா.

— பள்ளிக்கூடத்து ட்ரில் மாஸ்டர் வாய்டா இது, சொன்னா சொன்னதுதான். அப்பா உயிரா வெச்சிருந்த இஞ்சினை நீ எப்படி வெச்சிருக்கேன்னு பார்த்தா, மனசுல அப்பாவை எப்படி வெச்சிருக்கேன்னு தெரிஞ்சுடும். சுத்துற ஹேண்டிலைக் குடு.

— அண்ணா… ஒரு நிமிஷம்.

— என்ன?

— ஒண்ணுமில்லை. சுத்து.

— ஒண்ணு… ரெண்டு… டேய்!

— என்னண்ணா, பிடிச்சுக்கிச்சா?

— சுத்துதுடா! வெண்ணெய் மாதிரி சுத்துது! நாலு பிஸ்டனும் மூச்சு விடுது, கேளு. ஆயிலைப் பாரு, புத்தம் புதுசு. தம்பி… உன்னை நான் என்னென்னவோ பேசியிருக்கேன். ஊர் பூரா பேசியிருக்கேன். நீ என்னடான்னா வாரா வாரம் ஆயில் விட்டு, சுத்திவிட்டு… நீ நல்லா இருக்கணும்டா. இதுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்?

— அது… ஏதோ… நம்ம கடமைதானேண்ணா.

— வாடா இங்க. கட்டிப்பிடிடா.

— கையெல்லாம் கிரீஸ்.

— இருக்கட்டும்டா.

— நான் மட்டுமாண்ணா? நீ லாரியில கொண்டாந்து வெளியில இறக்கி வெச்சிருக்கிற பாடியைப் பார்த்தேனே. அப்பா காலத்துச் சிவப்பு மங்கவே இல்லை. சீட்டுல அப்பா சிகரெட்டு சுட்ட ஓட்டை இருந்துச்சே, அதைக்கூடத் தைச்சிருக்கே, பொடித் தையலா. நீ எங்களையெல்லாம் தலைமுழுகிட்டேன்னு நினைச்சேன். ரொம்ப நன்றிண்ணா, மனசாரச் சொல்றேன்.

— ம்… அது என்னமோ… மனசு கேட்கலை.

— சட்டைப் பட்டன் அறுந்தாக்கூட அண்ணியைக் கூப்பிடுற ஆளு நீ!

— கத்துக்கிட்டேன்… டேய், இரு. என் வாயில பொய் நிக்காது. பாடி மேல போட்ட தார்ப்பாயை நான் தூக்கிக்கூடப் பார்த்ததில்லை.

— என்னது?

— கோபம்டா. அதைப் பார்த்தா அப்பா ஞாபகம் வரும், அப்பா பின்னாடியே நீ வருவே. இன்னிக்குக் காலையில லாரியில ஏத்துறப்பதான் நானே பார்த்தேன். மினுங்குது. தார்ப்பாய் நல்ல தார்ப்பாய் போலன்னு விட்டுட்டேன்.

— அப்பாடா!

— என்னடா அப்பாடா?

— நானும் இதைத் தொட்டதே இல்லைண்ணா. ஞாயித்துக்கிழமை விடிஞ்சா தூண்டிலைத் தூக்கிட்டு ஏரிக்குப் போயிடுவேன். கட்டையா இறுகியிருக்கும், என் பொண்ணு இன்னிக்கு அழப்போறாள்னுதான் நடுங்கிட்டு நின்னேன்.

— திருட்டுப் பயலே! கட்டிப்பிடிச்சதைத் திருப்பிக் குடு.

— குடுக்கமாட்டேன். ஆனா நீயும் இல்லை, நானும் இல்லைன்னா வேற யாருண்ணா? அண்ணியா?

— அவளா? ஞாயித்துக்கிழமை அவளுக்கு ஏது நேரம்? யாரோ முட்டி வலிக்காரத் தோழியாம், பதினாலு வருஷமா வாரம் தவறாம போய்ப் பார்த்துட்டு வரா. காலுக்குத் தைலம் தேய்ச்சு விடுறாளாம். வீட்டுக்கு வந்தா கையெல்லாம் எண்ணெய் நாத்தம். அந்தத் தோழியை இன்னிக்கு வரைக்கும் நான் கண்ணால பார்த்ததில்லை.

— அட, என் வீட்டுக்காரி கதையைக் கேளு. நீ அந்தக் காலத்துலேர்ந்து செஸ் கிளப்புக்குப் போற புதன்கிழமை இருக்கே, அன்னிக்கு அவளுக்குத் தையல் வகுப்பு. பதினாலு வருஷத்துல ஒரு தலையணை உறை தைச்சு நான் பார்த்ததில்லை.

— என்ன, அண்ணனும் தம்பியும் கண்ணு சிவந்து நிக்கிறீங்க? தள்ளுங்க. ஜன்னல்ல வெச்சுட்டுப் போன ஆயில் கேனை யார் எடுத்தது?

— அண்ணி! நீங்களா? அப்ப அந்தச் சீட்டுத் தையல்…

— உங்க வீட்டுக்காரி கைவேலை தம்பி. நான் இங்க வருவேன், அவ அங்க வருவா.

— அடியே… உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன கைம்மாறு பண்ணப்போறேனோ, தெரியலை. அப்ப அந்த முட்டி வலிக்காரி?

— இதோ, என் மாமியாரோட சக்களத்தி, உங்க முன்னாடிதானே நிக்கிறா. அவளுக்கு இப்ப வலி தேவலையாம், வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு வரேங்கிறா. நீங்க வரீங்களா?