இவெலிஸ் ஓட்டிய நானூறு மீட்டர்

— என்ஜின் ரோட்டர் முனையில இந்த மூணாவது சீல், இதை யாரு வச்சது, ரதா?

— நான்தான்க்கா. ஏன்?

— அடியில ஸ்பிரிங் தலைகீழா இருக்கு.

— சாமி சத்தியமா சரியாத்தான் வச்சேன். நீ இன்னும் அதை முழுசாத் தொடக்கூட இல்லையே.

— நகம் பட்டாலே போதும். மத்த ரெண்டும் அமுக்கினா எந்திரிச்சு வருது. இது சோம்பேறி மாதிரி படுத்துக் கிடக்கு. கழட்டிப் பாரு.

— கழட்டுறேன்... ஆமாக்கா. தலைகீழாத்தான் இருக்கு.

— மண்டு.

— கண்ணு தெரியற நான் வச்சது தப்பு, கண்ணு தெரியாத நீ அதைக் கண்டுபிடிக்கிற. இதை வெளிய சொல்லிடாத இவெலிஸ் அக்கா. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவன். புள்ளைங்களைப் பெத்தவங்க பயந்துருவாங்க.

— கேளு. எனக்கு ஒண்ணும் விரல்ல தெய்வ வரம் கிடையாது. கண்ணு போறதுக்கு முன்னாடி இதே யாவ்கோ ஊர்ல நாப்பது ரோட்டரி என்ஜின் கட்டினவ நான். கை மறக்கல, அவ்வளவுதான். இப்ப வாசலின் தடவி, திருப்பி வை.

— இவ்வளவு தடவினாப் போதுமா?

— சீல் கீழ விழாம ஒட்டிக்கிட்டு நிக்கணும், அதுக்குத்தான் வாசலின். நீ என்னடான்னா உதட்டுக்குப் பூசுற மாதிரி தொட்டு வைக்கிற. இன்னும் கொஞ்சம் எடு. சரி, ரோட்டர் சுத்துற கூட்டோட உள்சுவர் எப்படி இருக்கு? பாத்துச் சொல்லு.

— கண்ணாடி மாதிரி இருக்கு. என் மூஞ்சியே தெரியுது.

— அப்ப அழுக்கா இருக்கும். துடை.

— ரொம்பப் பேசுற நீ. நெனைச்சுப் பாரேன். புயல் வந்த வருஷம் ஆத்துத் தண்ணி இந்தக் கார் கொட்டகைக்குள்ள இடுப்பளவு நின்னுச்சு. இந்தப் பாவப்பட்ட கார் மூணு நாள் அதுல முங்கிக் கிடந்துச்சு. மொத நாள் என்ஜினைத் திறந்தப்ப உள்ளேருந்து சேறும் நண்டுமா வந்துச்சே.

— ரெண்டு நண்டு. நீ அலறின அலறல்லயே எனக்கு எண்ணிக்கை தெரிஞ்சுபோச்சு.

— ஒண்ணு என் கட்டை விரலைப் பிடிச்சிருச்சுக்கா.

— அது உன்னைப் பாத்து அலறல பாரு, அதுக்கே நீ சந்தோஷப்படணும். அடுத்தது என்ன, என்ஜினுக்குக் காத்து ஊதுற டர்போதானே? அதை எடுத்து என் மடியில வை.

— தூக்கவே முடியல. நத்தைக் கூடு மாதிரி இருக்கு, ஆனா நத்தை ஆட்டுக்குட்டி அளவுக்கு இருந்திருக்கணும். இதுல முன்னாடி ரெண்டு குட்டி டர்போ இருந்துச்சே, அதையே போட்டிருக்கலாம். எதுக்கு இம்மாம் பெருசு?

— ரெண்டு குட்டிகளும் மாத்தி மாத்தி மூச்சு விட்டுத் திணறும். இது ஒரே மூச்சு. எழுந்திரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கும், எழுந்துச்சுன்னா முதுகு இருக்கையில ஒட்டிக்கும். காத்து போற வழியையும் நானே அரம் வச்சு ராவிப் பெருசாக்கியிருக்கேன். சும்மா நிக்கும்போதே இது பாட்டுப் பாடும் பாரு.

— பாடட்டும், பாடட்டும். ஆனா ஒண்ணு. இது மட்டும் ஓடிச்சுன்னா, உன்னைப் பக்கத்துல உக்கார வச்சு பொன்சே வரைக்கும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன். கடற்கரையில வறுத்த மீனு, வாழைக்காய் எல்லாம் வாங்கித் தர்றேன்.

— போல்ட்டை எடு ரதா. பதினெட்டு இருக்கணும். எண்ணு.

*

— திருகாத, திருகாத, நிறுத்து. பெட்ரோல் வாடை அடிக்குது. மூழ்கடிச்சிட்ட.

— ஒரே ஒரு தடவைதான் சாவியைத் திருப்பினேன்.

— ஒரே தடவையா? நான் ஏழு எண்ணினேன். நாலு பிளக்கையும் கழட்டு. உள்ள தேங்கின பெட்ரோல் வெளிய வரட்டும். அத்தை, நீங்க அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க.

— எனக்கு மிலாக்ரோஸ்னு பேரு வச்சிருக்காங்க இவே, வைக்கோல் பொம்மைன்னு வைக்கல. மூணு வருஷமா என் சன்னலுக்கு நேரா நீங்க ரெண்டு பேரும் தட்டுறதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். மொதல் சத்தத்தைப் பக்கத்துல நின்னுதான் கேப்பேன். இந்தா, காப்பியைப் பிடி. இதுல பிஸ்டனே கிடையாதாமே?

— கிடையாது அத்தை. ரெண்டு முக்கோணம், அதுபாட்டுக்குச் சுத்தும். ரதா, பிளக்கு கழட்டியாச்சுன்னா சும்மா சுத்த விடு. நான் சத்தம் கேக்குறேன்.

— விடுறேன்.

— ஃபப், ஃபப், ஃபப். கேட்டீங்களா அத்தை? முக்கோணத்தோட மூணு பக்கத்து மூச்சும் ஒரே அளவு. ஒண்ணு குறைஞ்சிருந்தாலும் திரும்ப மொதல்லேருந்துதான். புது பிளக்கு போடு ரதா. இப்பப் பயப்படாம திருப்பு. பிடிச்சதும் ஆக்சிலேட்டர்ல மெல்லக் காலை வை.

— மரியா தாயே, காப்பாத்து.

— நான் இன்னும் திருப்பவே இல்ல அத்தை.

— முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்டா. நீ திருப்பு.

— திருப்பிட்டேன். பிடிக்குது, அக்கா, பிடிக்குது, பிடிச்சிருச்சு.

— காலை எடுக்காத. எடுக்காத. அப்படியே வை.

— ஐயோ, வீடு பத்திக்கிச்சா? ஒரே புகையா இருக்கே.

— அது வாசலின் எரியுது அத்தை. ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும். இப்பக் காலை எடு ரதா. அணையாம நிக்குதான்னு பாப்போம்.

— நிக்குதுக்கா. பிராப் பிராப் பிராப்னு குதிக்குது. மேல வச்ச காப்பித் தம்ளர் கூட ஆடுது.

— தெருவுல யாராவது வந்திருக்காங்களா?

— யாராவதா? எல்லாரும் வந்துட்டாங்க. எதிர்வீட்டு ஆளு கூரை மேல ஏறி நிக்கிறான். பல்லு டாக்டரு பாதி முகத்துல சோப்போட வந்திருக்காரு. மூலைக்கடைக்காரர் கடையை அப்படியே விட்டுட்டு ஓடி வர்றாரு. எல்லாரும் கையத் தட்டுறாங்க. பஸ் ஓட்டி இருபது வருஷத்துல எனக்கு யாரும் கை தட்டினதே இல்ல.

— இவே, என் வீட்டுச் சுவத்துல மாட்டியிருந்த அந்தோணியார் கீழ விழுந்துட்டாரு. டப்புனு சத்தம் கேட்டுச்சு.

— உடைஞ்சுட்டாரா அத்தை?

— சன்னல் வழியாத் தெரியுது. மெத்தை மேல நல்லாத்தான் படுத்திருக்காரு. அவருக்கும் பிடிச்சிருக்கு போல.

— அக்கா, அழுறியா?

— புகைடா.

— புகை அந்தப் பக்கமாப் போகுது.

— அப்ப என் புகை வேற. கேளு ரதா. இனிமே ஆயிரம் மைல் இதை மெதுவா ஓட்டணும். சீல் எல்லாம் சுவரோட பழகணும், அதுவரைக்கும் டர்போவை எழுப்பவே கூடாது. அதுக்கு உன்னை விட்டா போர்ட்டோ ரிக்கோ முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைக்காது. உன் பஸ்ஸை நாய் நடந்தே முந்திட்டுப் போகுது.

— பொறுமையா ஓட்டுறது ஒரு குத்தமா? சரி, ஆயிரம் மைல். அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறம் நான் ஓட்டுவேன்.

— எதை?

— காரைத்தான். வேறெதை, உன் பஸ்ஸையா?

— என்ஜினை அணைக்கிறேன், எனக்குக் காது சரியாக் கேக்கல. இப்ப சொல்லு.

— நல்லாவே கேட்டுச்சு உனக்கு.

— அக்கா, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி உன் கையிலேருந்து சாவியை வாங்கினவன் நான். எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்றியா?

— நீ வாங்கினது சரி. அன்னிக்கு நான் பேக்கரிக்காரர் வேலியை இடிச்சேன். வேலியோட போச்சேன்னு இன்னிக்கும் கும்பிடுறேன். அதைப் பத்தி உன்கிட்ட ஒருநாளாவது சண்டைக்கு வந்திருக்கேனா?

— இல்ல.

— சாவியை வாங்கும்போது நீதான் அழுத. நான் அழல. அழுதா நீ திருப்பிக் கொடுத்துருவியோன்னு பயந்துதான் அழல. அப்புறம் பதினோரு வருஷமா யாரோ ஓட்டுற கார்ல பக்கத்து இருக்கையில உக்காந்துக்கிட்டு வர்றேன். உதிரிபாகக் கடையில போனை எடுத்து, அடுத்தவங்க காருக்கு நம்பர் சொல்லிக்கிட்டு இருக்கேன். எனக்கு ரோடு வேண்டாம். ஊர் வேண்டாம். ஆள் நடமாட்டமே வேண்டாம். சாண்டா இசபெல்ல கரும்புக்கு மருந்தடிக்கிற விமானம் இறங்குற ஓடுபாதை சும்மா கிடக்கு. இடத்துக்காரர்கிட்ட நானே போன் போட்டுக் கேட்டுட்டேன். நானூறு மீட்டர். நேரா. ஒரே ஒரு தடவை.

— உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

— அதுக்குத்தான் நீ பக்கத்துல உக்காரணும். நீ கண்ணு, நான் கை. வலதுன்னா வலது, இடதுன்னா இடது.

— நானா? அந்த ஆட்டுக்குட்டி டர்போ எழுந்திரிக்கும்போது உள்ள நானா?

— அவன் மாட்டேன்னா விடு இவே, நான் உக்காருறேன். எனக்கு எழுபத்தாறு ஆச்சு, பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு. வலது இடது மட்டும் கொஞ்சம் குழம்பும்.

— அத்தை, நீங்க சும்மா இருங்க. சரிக்கா. உக்காருறேன். ஆனா தலைக்கவசம் போடணும். ஓடுபாதையை மொதல்ல முழுசா நடந்து பாக்கணும். நான் நிறுத்துன்னா அடுத்த நொடி நிறுத்தணும். பொறுமை, பொறுமைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ஓட்டணும்.

— எல்லாத்துக்கும் சரி. கடைசி ஒண்ணைத் தவிர.

*

— ஆயிரம் மைல் நான் ஓட்டி முடிச்சதுக்காகவாவது செருப்பைப் போட்டுக்கயேன். ஓடுபாதை சுடுது.

— வேண்டாம். செருப்புக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப எவ்வளவு தூரம் நடந்திருக்கோம்?

— நானூறைத் தாண்டியாச்சு. ரெண்டு பக்கமும் கரும்பு வெட்டின காலி நிலம். கல்லு இல்ல, மரம் இல்ல. முந்நூத்தி எழுபதுல ஒரு வெடிப்பு இருந்துச்சே, அதுவும் சின்னதுதான். இதுக்கு மேலயும் ஐந்நூறு மீட்டர் சும்மா கிடக்கு.

— நடுவுல நீளமா, லேசாப் புடைச்சுக்கிட்டு ஒரு தார் இணைப்பு ஓடுது பாரு, என் இடது கால் அது மேலதான் வருது. அது கடைசி வரைக்கும் விடாமப் போகுதா?

— போகுது. கோடு போட்ட மாதிரி.

— நல்லது. காருக்கு வா. அத்தை எங்க?

— கிளம்புற இடத்துக்குப் பின்னாடி, புளியமரத்து நிழல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. ஒரு கையில ஜெபமாலை, இன்னொரு கையில இறைச்சி போண்டா. எதை மொதல்ல முடிக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்காங்க.

— கதவைச் சாத்து. பெல்ட்டு மாட்டிட்டியா? உன் கை ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு?

— எப்பவும் அப்படித்தான் இருக்கும்.

— பொய். கேளு, பன்னெண்டு எண்ணி முடிச்சதும் பிரேக் போட்டுருவேன். அதுவரைக்கும் உன் குரல் நிக்கக் கூடாது. கத்திச் சொல்லு, இந்தச் சத்தத்துல இல்லன்னா கேக்காது. சக்கரம் நேரா இருக்கா?

— நேரா இருக்கு. சாமி, நேரா இருக்கு. போலாம்னா போலாம்.

— கிளம்புறேன். ஒண்ணு. ரெண்டு.

— கொஞ்சம் வலது. இன்னும் கொஞ்சம். போதும். நேரா.

— மூணு. இரண்டாவது கியர் போடுறேன். நாலு.

— நேரா. நேரா.

— அஞ்சு. ஆறு. டர்போ எழுந்திரிச்சிருச்சு ரதா, விசில் கேக்குதா?

— நேரா. நேரா. நேரா.

— ஏழு. மூணாவது கியர். ஐயோ, பறக்குதுடா. எட்டு. ஒம்பது.

— நேரா நேரா நேரா நேரா.

— பத்து. பதினொண்ணு. பன்னெண்டு. பிரேக் போடுறேன்.

— நேரா நேரா.

— வேகம் குறைஞ்சாச்சு. நின்னாச்சு ரதா.

— நேரா நேரா.

— நின்னாச்சுடா. என்ஜினையே அணைச்சிட்டேன்.

— நின்னாச்சா? நிசமா நின்னாச்சா?

— எங்க நிக்கிறோம்? ஓரத்துலயா?

— இரு, பாக்குறேன்... நடுவுலக்கா. அந்தத் தார் கோடு இடது சக்கரத்துக்கு நேர் கீழ போகுது. அங்க அத்தை நாற்காலி மேல ஏறி நின்னு ஜெபமாலையைச் சுத்திக்கிட்டு இருக்காங்க.

— நடுவுலயா.

— அக்கா, சிரிக்கிறியா அழுறியா, தலைக்கவசத்துக்குள்ள ஒண்ணும் தெரியல.

— ரெண்டும்தான். பதினோரு வருஷம் ரதா. காலுக்கு அடியிலேருந்து காது வரைக்கும் ரோடு வந்துச்சு. உனக்கு நான் என்ன சொல்றது? உன் குரல் இல்லாம ஒரு அடி நகர்ந்திருக்க மாட்டேன். நீ நேரா, நேரான்னு சொல்லச் சொல்ல, உன் கண்ணு ரெண்டையும் எடுத்து என் முகத்துல வச்ச மாதிரி இருந்துச்சு. சொல்லு, வேக முள்ளு எது வரைக்கும் போச்சு?

— அது... கவனிக்கலக்கா.

— போகட்டும். ரெண்டு பக்கமும் எப்படி இருந்துச்சு? மூணாவது கியர்ல நிலமெல்லாம் குழைஞ்சு ஒரே நிறமா ஓடும், எனக்கு ஞாபகம் இருக்கு. அப்படித்தானே இருந்துச்சு?

— அப்படித்தான் இருந்திருக்கும்.

— இருந்திருக்குமா? பக்கத்துல உக்காந்து பாத்தவன் நீதானே. என்னடா, குரலே ஒரு மாதிரி இருக்கு?

— ஒண்ணு சொல்லணும்க்கா. கோவிச்சுக்காத.

— சொல்லு.

— இரண்டாவது கியர் போட்டதுலேருந்து நான் கண்ணைத் திறக்கவே இல்ல.