திரும்பி வரும் விலாசம்

டின்சி: …ஜப்பானுக்கு நாலு நாள் போதும்ப்பா. அங்க தண்ணி பாட்டிலே யானை விலை.

சுவக்கீன்: நாலு நாளா? இந்த மூணாறு மலைய விட்டு அம்புட்டு தூரம் போயிட்டு நாலே நாள்ல கெளம்புறதா? ஒரு வாரம் போடு.

புஷ்பமேரி: ஒரு வாரம் அந்த ஊர்ல என்னத்தத் திங்கிறது? பச்ச மீனத் திம்பாகளாம்ல?

டின்சி: அதான் குக்கர் கொண்டு போறோம்லம்மா. சோறு நாமளே பொங்கிக்கலாம். ஊறுகா, கருவாடு…

புஷ்பமேரி: கருவாடா! ஏரோப்பிளேன்ல கருவாட்ட விடுவானாடி? நாத்தம் தாங்காம நடு வானத்துல எறக்கி விட்டுருவான்.

சுவக்கீன்: ஷ்ஷ்… ரெண்டு பேரும் செத்த நேரம் பேசாம இருங்க.

டின்சி: என்னப்பா?

சுவக்கீன்: பைக்கு சத்தம்… கீழ பாலத்துக்கிட்ட.

டின்சி: அய்யோ…

புஷ்பமேரி: மீன்காரன்.

சுவக்கீன்: எப்படிச் சொல்லுத?

புஷ்பமேரி: சூப்பர்வைசர் பைக்கு இப்படியா இருமும்? அந்தா, ஹாரன் அடிக்கான் பாருங்க.

சுவக்கீன்: ஆமா… மீன்காரன்தான். மாதாவே, அவருதான் வந்துட்டாருன்னு நெனைச்சுட்டேன்.

டின்சி: சூப்பர்வைசர் அஞ்சு மணிக்குன்னுதானேப்பா சொன்னாரு. இன்னும் நேரம் இருக்கு.

சுவக்கீன்: மூடுபனி எறங்கிருச்சு. மழைக்கு முன்னாடி வந்துருவோம்னு சீக்கிரமே கெளம்பிருப்பாரோ என்னமோ.

புஷ்பமேரி: வந்தா வரட்டும். நீ சொல்லுடி. ஜப்பான்ல என்னத்தப் பாக்க?

டின்சி: கோயிலு, ரயிலு… அப்புறம் தேயிலத் தோட்டம்.

புஷ்பமேரி: என்னது? தேயிலையக் காசு குடுத்துப் போயிப் பாக்கணுமா? ஜன்னலத் தெற, தெரியும்.

டின்சி: அங்க அழகா இருக்கும்மா.

புஷ்பமேரி: இங்க வர்ற டூரிஸ்ட்டும் அப்படித்தான் சொல்லுதான். …அங்கயும் பொம்பளையதான் கொழுந்து எடுக்காகளா?

டின்சி: தெரியலம்மா. மெஷின்னு நெனைக்கேன்.

புஷ்பமேரி: அப்ப அவளுக முதுகாச்சும் நல்லாருக்கும். சரி, அங்கருந்து?

டின்சி: நேரா அமெரிக்கா. கிழக்காமயே போயிக்கிட்டு இருக்கணும், திரும்பவே கூடாது. கடைசில மேக்காலருந்து கொச்சில வந்து எறங்கிருவோம்.

புஷ்பமேரி: நடுவுல எல்லாம் கடல்தானே?

டின்சி: விடிய விடியப் பறந்தாலும் கீழ தண்ணிதான்.

புஷ்பமேரி: ஆத்தாடி… வட்டவடைக்கு ஜீப்புல போறதுக்கே எனக்குக் குடலப் பெரட்டும். அங்க பூண்டு வயலுக்குப் போயி வாடைய மோந்தாத்தான் அடங்கும். நான் கடல் மேல என்னத்த மோக்க?

சுவக்கீன்: ஒரு படி பூண்ட மடியில கட்டிக்கிட்டு வா.

புஷ்பமேரி: சிரிங்க, சிரிங்க. ஒங்களுக்கு என்ன, ஜீப்பு ஓட்டி ஓட்டி வயிறு மரத்துப் போச்சு.

சுவக்கீன்: சிரிக்கல மேரி. பல்லு கடிக்குது, குளுரு. …பாப்பா, பணம் எம்புட்டு ஆகும்னு சொல்லு.

டின்சி: அம்மா ரிட்டயர் ஆனதுக்குக் கெடைக்கிற சர்வீஸ் பணம் டிக்கெட்டுக்கே சரியாப் போயிரும்ப்பா. டிராவல் ஆபீசுல தெனமும் ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் கணக்குப் போட்டுக் குடுக்கேன், எனக்குத் தெரியாதா? தங்குறதுக்கு வேணும், சாப்பாட்டுக்கு வேணும்…

சுவக்கீன்: லிஸ்ட்டுலருந்து சுவிட்சர்லாந்த அடிச்சுரு. பனியப் பாக்க அங்க எதுக்கு?

டின்சி: அடிச்சாலும் பத்தாது.

சுவக்கீன்: அப்ப ஜீப்ப வித்துருவோம்.

புஷ்பமேரி: அந்த ஓட்ட ஜீப்ப வித்தா மூணாறு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகலாம்.

சுவக்கீன்: ஏட்டி, உலகத்தச் சுத்துனவங்களயே சுமந்த ஜீப்பு அது! அந்த வெள்ளக்காரக் குடும்பம் ஞாபகம் இருக்கா? ரெண்டு புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வருசம் பூராச் சுத்துனாகளே. இதுக்கெல்லாம் எங்கருந்து காசுன்னு கேட்டேன். வீட்ட வித்துட்டோம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாக…

புஷ்பமேரி: நூறு தடவ சொல்லிட்டீக. அவுகளுக்கு விக்கதுக்கு ஒரு வீடு இருந்துச்சு. நமக்கு?

டின்சி: அம்மா, இப்ப எதுக்கும்மா அது…

புஷ்பமேரி: உள்ளதத்தானே சொல்லுதேன். இந்த லயத்து வீடு நம்மளுதா? கம்பெனியுது. எங்கம்மா ரிட்டயர் ஆனப்ப நான் கொழுந்துக்கு எறங்குனேன், வீடு நின்னுச்சு. போன வாரத்தோட எனக்கும் முடிஞ்சுருச்சு. இனி எம்மக கொழுந்துக்கு எறங்கணும். இல்லன்னா சாவியக் குடுத்துட்டு மூட்டையக் கட்டணும். ரெண்டுல எதுன்னு கேக்கத்தானே சூப்பர்வைசர் வாராரு?

சுவக்கீன்: அவரு வரும்போது பாப்போம். நீ சும்மா இரு.

டின்சி: ஆமாம்மா. இப்ப அமெரிக்காவப் பேசுவோம்.

புஷ்பமேரி: பேசுங்க.

சுவக்கீன்: அது சரி… வாசக்கதவு சாவி எங்க மேரி? ஜீப்பு சாவிய மாட்டப் போனேன், பக்கத்து ஆணி சும்மா கெடக்கு.

புஷ்பமேரி: எங்கயாச்சும் இருக்கும். எல்லாரும் உள்ளதானே இருக்கோம், பூட்டவா போறோம்? உக்காருங்க.

டின்சி: காலையில ஆன்மேரி பெரியம்மா போன் பண்ணாங்களேம்மா, என்னவாம்?

புஷ்பமேரி: சும்மாதான். சாந்தன்பாறையில பேய் மழையாம். ஏலக்கா காய மாட்டேங்குதாம்.

டின்சி: பெரியம்மாவையும் டூருக்குக் கூப்புடுவோமா?

புஷ்பமேரி: அவ வந்தா ரெண்டு சீட்டு வேணும்.

டின்சி: பாவம்மா! …இங்க பாருங்க, விசாவுக்கு என்னெல்லாம் கேக்காங்கன்னு. பேரு, வயசு, தொழில்… ஒனக்கு ரிட்டயர்டுன்னு போடவா?

புஷ்பமேரி: தேயிலத் தோட்டத் தொழிலாளின்னே போடு. வெக்கம் என்ன?

டின்சி: சரி. அப்புறம்… நிரந்தர விலாசம்.

சுவக்கீன்: இந்த வீட்டப் போடு.

டின்சி: …போடலாம்ப்பா.

புஷ்பமேரி: அதென்ன, ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாக்கீக?

டின்சி: ஒண்ணுமில்லம்மா. திரும்பி வர்றதுக்கு ஒரு இடம் இருக்குன்னு காட்டுனாத்தான் அவங்க ஊருக்குள்ளயே விடுவாங்க. அதுக்குத்தான்.

புஷ்பமேரி: அப்ப வீடு இல்லாதவன் உலகத்தச் சுத்தவே கூடாதா?

டின்சி: அப்படி இல்ல…

புஷ்பமேரி: எனக்கு அதான்டி பயம். கடலுக்கு இல்ல, ஏரோப்பிளேனுக்கு இல்ல. எல்லாம் சுத்திட்டு கொச்சில எறங்குவோம்ல, பெட்டியத் தூக்கிக்கிட்டு… டாக்சிக்காரன் எங்க போகணும்னு கேப்பான்ல? அவனுக்கு என்னத்தச் சொல்ல?

சுவக்கீன்: அழாத மேரி.

புஷ்பமேரி: அழல. கண்ண மூடுனா இதான் வருது. மூணு பேரும் ரோட்டுல நிக்கோம். மழ பெய்யுது. எந்தப் பக்கம் நடக்கணும்னு யாருக்கும் தெரியல.

டின்சி: அப்பா…

சுவக்கீன்: கேட்டுச்சு.

டின்சி: இது மீன்காரர் இல்லப்பா.

சுவக்கீன்: மேல ஏறுது… லயத்துப் பக்கம்தான் திரும்புது. ஜன்னல்கிட்ட நிக்காத, இங்கிட்டு வா.

டின்சி: நின்னுருச்சு.

சுவக்கீன்: சாமி…

புஷ்பமேரி: மேல் வீட்டு ராஜசேகர். அவங்கப்பா சங்கையாண்ணனுக்கு மருந்து வாங்கப் போனான்ல, வந்துருக்கான். எதுக்கு ரெண்டு பேரும் இப்படி வெளிறிப் போறீக?

சுவக்கீன்: ராஜசேகரா… நான் அவருன்னே நெனைச்சேன்.

டின்சி: மணி அஞ்சரை ஆகப் போகுது. ஏன்ப்பா அவரு இன்னும் வரல?

சுவக்கீன்: அதான் புரியல. சொன்னா சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கிற ஆளாச்சே.

புஷ்பமேரி: அவரு வரணும்னு காத்துக்கிட்டு இருக்கீகளா, வந்துரக் கூடாதுன்னு காத்துக்கிட்டு இருக்கீகளா?

டின்சி: சொல்லிருங்கப்பா.

சுவக்கீன்: நீ சொல்லு.

புஷ்பமேரி: யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. மத்தியானத்துலருந்து என்னைய ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இழுத்தடிக்கீக. எதுக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?

சுவக்கீன்: மேரி… நான் வாக்குக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வெளிய வந்தப்ப அவரு பிடிச்சுக்கிட்டாரு. என்னய்யா முடிவுன்னாரு. வாடகைக்கு வீடு கேட்டு மூணாறு பூரா அலைஞ்சுட்டேன்டி. அட்வான்ஸ் சொல்லுறதக் கேட்டாலே தல கிறுகிறுக்குது. எனக்குப் பயம் வந்துருச்சு. டின்சி எறங்குவான்னு வாய் தவறி இல்ல, தெரிஞ்சேதான் சொல்லிட்டேன்.

டின்சி: அப்பாவத் திட்டாதம்மா. அன்னைக்கே எங்கிட்ட வந்து அழுதுட்டாரு. நாந்தான் சரின்னேன்.

புஷ்பமேரி: நீ சரின்னியா?

டின்சி: டிராவல் ஆபீசுல எனக்கு என்ன பெரிய சம்பளமா கெடைக்குது? கொழுந்துக்கு எறங்குனா வீடு நிக்கும்லம்மா. அவரு வந்து பேர எழுதிட்டுப் போற வரைக்கும் ஒனக்குத் தெரிய வேண்டாம்னு நெனைச்சோம். அதான் இந்த டூர் பேச்சு. ஒனக்குப் பிடிச்ச பேச்சாச்சே…

புஷ்பமேரி: உலகத்தச் சுத்திக் காட்டுறேன்னு எங்கண்ணக் கட்டிருக்கீக.

சுவக்கீன்: என்னைய அடிச்சாலும் வாங்கிக்கிடுதேன்.

புஷ்பமேரி: அடிக்க எங்க தெம்பு? என் கை முட்டியப் பாத்தியாடி? கைய மேல தூக்க முடியுதா எனக்கு? பத்து வருசம் கழிச்சு ஒனக்கும் இதே கைதான். ஒன்னைய எதுக்குடி காலேசுக்கு அனுப்புனேன்?

டின்சி: எனக்கு மட்டும் ஆசையாம்மா? எனக்கும் பயந்தான். ஆனா ஒன்னைய ரோட்டுல நிக்க வச்சுட்டு என்னால ஆபீசுல உக்காந்து அடுத்தவங்களுக்கு டிக்கெட்டு போட முடியாது. அவரு கதவத் தட்டுனா நாந்தான் தெறப்பேன். சரின்னுதான் சொல்லுவேன். நீ நடுவுல வரக்கூடாது.

புஷ்பமேரி: யாரும் தட்ட மாட்டாக.

சுவக்கீன்: என்ன?

புஷ்பமேரி: அவரு வர மாட்டாரு. வாசலப் பாத்தது போதும்.

டின்சி: ஒனக்கு எப்படிம்மா தெரியும்?

புஷ்பமேரி: காலையில பால் வாங்கப் போனப்பவே ஆணியிலருந்து சாவிய எடுத்துக்கிட்டுத்தான் போனேன். கம்பெனி ஆபீசு தெறந்ததும், ஒம்மக வாராளாமே, சந்தோசம்னாரு சூப்பர்வைசர். சாவிய மேசையில வச்சேன், எம்மக வர மாட்டான்னு சொல்லிக் கையெழுத்தப் போட்டுட்டு வந்துட்டேன். மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்கோங்கன்னாரு. பயமாத்தான்டி இருக்கு. ஆன்மேரி அவ ஏலக்கா காய வைக்கிற ஸ்டோருக்குப் பின்னாடி ஒரு ரூம ஒழிச்சுத் தாரேன்னுருக்கா… ஜப்பானுக்கு முன்னாடி ஒரு ஊரச் சேத்துக்கோ, சாந்தன்பாறை.