பதினாறு ஓட்டைகள்

தயாபரன் ஐயா, பழைய லொறியில் பெயின்ற்றை நம்பவே கூடாது. பெயின்ற் பொய் சொல்லும், ஓட்டை சொல்லாது. கிளிநொச்சியில் முப்பது வருடமாகக் கராச் வைத்திருக்கிறேன். எந்த இராணுவ லொறியைக் காட்டினாலும் அது பிறந்த கோலத்தைப் புட்டுப்புட்டு வைப்பேன். அதனால்தானே அருளம்மாவின் சட்டத்தரணியான நீங்களும் என்னிடம் அத்தாட்சிக் கடிதம் கேட்டீர்கள்.

இரணைமடுப் பக்கம் ஹோட்டல் கட்டிய ஒருவர், முற்றத்தில் அழகுக்கு நிறுத்த ஏலத்தில் எடுத்த இராணுவ லொறி அது. முதுகில் தண்ணீர்த் தொட்டியோடு திருத்த என் கராச்சுக்கு வந்தது. கொக்கிளாயிலிருந்து அருளம்மா வந்து, பின்கதவின் வளைந்த கொளுக்கியைத் தடவிப் பார்த்தார். மகன் மெல்ரொனை ஆமி பிடித்து ஏற்றிப் போனபோது அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினாராம்.

“இது முதலில ஆள் ஏத்தினதோ, தண்ணி ஏத்தினதோ, அதை மட்டும் சொல்லுங்கோ தம்பி. தண்ணியெண்டால் என்ர வழக்கு நிக்காதாம். அவன்ர கழுத்தில மாதா படம் தைச்ச உத்தரியம் கிடந்தது. கயிறு அறுந்துபோச்செண்டு வலை நூலால நான்தான் முடிஞ்சு விட்டனான்.”

தொட்டியை இறக்கினேன். இருபக்கமும் எட்டெட்டாகப் பதினாறு ஓட்டைகள். ஆட்கள் இருக்கும் வாங்குகளைப் பூட்டிய இடம். பலகை இடுக்கில் மாதா படம் தைத்த துணித்துண்டு, பச்சை வலை நூலோடு. பெடியன் வேண்டுமென்றே செருகியிருக்கிறான். கெட்டிக்காரன்.

ஓட்டைகளை வெல்டிங் பண்ணி அடைத்தேன். தொட்டியைத் திரும்ப ஏற்றினேன். தொடக்கம் முதலே தண்ணீர் லொறி என்று கையெழுத்து வைத்துத் தந்தேன். வழக்குத் தள்ளுபடியான கிழமை அருளம்மா ஓலைப்பெட்டியில் கருவாடு கொண்டுவந்தார். “எங்கட ஆள், நீங்கள் பொய் சொல்லமாட்டியள்,” என்றார். கருவாடு நல்ல ருசி.

பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது என் மனைவி இராசேஸ்வரியின் பழக்கம். அலுமாரியில் நான் ஒளித்து வைத்த மாதா படத்தைக் கண்டு, வேதக்காரருக்கு உதவுமே என்று அதில் போட்டு அனுப்பிவிட்டாள். தன் முடிச்சைத் தாய்க்குத் தெரியாதா? அதோடு நேரே உங்களிடம் வந்துவிட்டார்.

பயத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். அந்த லொறியில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அது தெரியாமல் இருந்தால் அவர் இன்னும் கொஞ்சக்காலம் மகனுக்கும் சேர்த்துச் சோறு வடித்திருப்பார். அந்த நிம்மதியைத்தான் கொடுத்தேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். அன்று முன்கதிரையில், முகத்தில் சாக்கு மூடி இருந்தவன் நான்தான். இயக்கத்து ஆளைக் கண்டதும் தலையாட்டு, உன்னை விடுகிறோம் என்றார்கள் ஆமிக்காரர். மெல்ரொன் வரிசையில் முன்னால் வந்து நின்றான். மூன்று பேருக்கு ஆட்டச் சொல்லியிருந்தார்கள் ஐயா. நான் அவன் ஒருவனுக்குத்தான் ஆட்டினேன்.