இரண்டாம் சரணத்துக்குப் பிறகு

23-12-2025, செவ்வாய்

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை. வகுப்புத் தோழி கலைப்பிரியா அனுப்பிய பாட்டின் நீளம் மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி என்று எழுதியிருந்தேன். இன்று காலை போனில் பார்த்தால் நான்கு நிமிடம் ஆறு நொடி. அவசரத்தில் தவறாகப் பார்த்திருப்பேன். டைப்ரைட்டிங் வகுப்பிலும் எனக்குத்தான் பிழை அதிகம். நேற்று அவள் சொன்ன கதையைவிட எண்ணைத்தான் ஒழுங்காக எழுதியதாக நினைத்தேன், அதுவும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நேற்று ஏழரைக்குத் திண்டிவனத்தில் கரண்ட் போய்விட்டது. வெளியே மழை. வகுப்பில் மிஞ்சிய ஐந்து பேரும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரே மேஜையைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தோம். சேரன் போன் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"டார்ச் இல்லாமலே உன் மூஞ்சி அப்படித்தான் இருக்குது. அணை," என்றாள் கலைப்பிரியா. "எங்க பெரியப்பாவுக்கு நடந்தத சொல்றேன். அப்புறம் இளி பாக்கலாம்."

"பேயா?"

"தெரியல. ரேடியோவுல வந்தது."

"ரேடியோவுலயா? அதான் யாரும் கேக்கறதில்லயே. பேயாவது கேக்கட்டும்."

அவள் சிரிக்கவில்லை. அவனே டார்ச்சை அணைத்தான்.

போன வருடம், டிசம்பர் இருபத்து நான்கு. இரவு ஒன்பதரை. விழுப்புரத்திலிருந்து முகையூர் போகும் ரோடு... இரண்டு பக்கமும் கரும்பு. எதிரே ஒரு வண்டி இல்லை. பெரியப்பா அலெக்ஸ் பைக்கில் தனியாக வருகிறார்.

அவர் முகையூரில் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர். வானொலியில் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சிக்கு அவர்களை அழைத்திருந்தார்கள். ஒலிப்பதிவு டிசம்பர் முதல் வாரம். பாடுகிற எட்டுப் பேரின் பெயர்களை முன்கூட்டியே எழுதி அனுப்பியாயிற்று. எட்டாவது பெயர் அவருடைய தங்கை ஜெசிந்தா.

ஒலிப்பதிவு அன்றைக்குப் பார்த்து ஜெசிந்தாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எழுதிக் கொடுத்த கணக்கில் ஒரு ஆள் குறைந்தால் தப்பாகிவிடும் என்று பெரியப்பாவுக்குப் பயம். "நீ நில்லு. வாயை மட்டும் அசை," என்றார். சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால் அவள் அவர் காதருகே வந்து, "நான் பாடலாமாண்ணே?" என்று கேட்டாள். அவர் உதட்டில் விரல் வைத்தார். அவ்வளவுதான். பாட்டு முடியும்வரை அவள் வாய் ஒரு சொல்கூடத் தவறாமல் அசைந்தது.

திரும்பி வரும்போது விக்கிரவாண்டியில் டீ குடிக்க வேன் நின்றது. ஜெசிந்தா இருமல் மிட்டாய் வாங்க ரோட்டைத் தாண்டிப் போனாள். வாங்கிவிட்டுத் திரும்பினாள்... லாரி. மிட்டாய்ப் பொட்டலம் பிரிக்காமல் அவள் கையிலேயே இருந்தது.

அவள் மகள் அஸ்வினிக்கு எட்டு வயது. அப்போதிலிருந்து அலெக்ஸ் வீட்டில்தான் இருக்கிறாள். இருபத்து நான்காம் தேதி அம்மா ரேடியோவில் பாடுவாள் என்று அவளுக்குத் தெரியும். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள். "எது அம்மா குரல்னு நீ காட்டு மாமா," என்று கேட்டிருக்கிறாள். காட்டுவதற்கு அதில் குரலே இல்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அன்று மாலை ஏதோ வேலை என்று சொல்லிவிட்டு விழுப்புரத்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. ரோட்டில் வரும்போது போனில் வானொலியை வைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டார். அறிவிப்பாளர் எட்டுப் பெயர்களையும் வாசித்தார். பாட்டு தொடங்கியது. முதல் சரணம்... எண்ணினார். ஏழு குரல். இரண்டாம் சரணம்... ஏழு.

பிறகு பாட்டு நின்றது.

ஒலிபரப்பு அறுந்த மாதிரி இல்லை. ஒலிப்பதிவு அறையின் மெல்லிய இரைச்சல் அப்படியே இருந்தது. மைக்குக்கு மிக அருகில் யாரோ மூச்சு விட்டார்கள். ஹெல்மெட்டுக்குள் இருமல் மிட்டாய் வாசனை. பிறகு, கரகரத்த குரலில், கோபமே இல்லாமல்...

"இப்பப் பாடலாமாண்ணே?"

வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி, இயர்போனைப் பிடுங்கினார். காற்று இல்லை; கரும்புத் தோகைகூட அசையவில்லை. நெஞ்சில் தொங்கிய இயர்போனிலிருந்து அந்த மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. காத்திருந்தது.

அப்போதுதான் கவனித்தார். அவர் விரல் தானாகப் போய் உதட்டில் இருந்தது.

மூன்றாம் சரணம் தொடங்கியது. ஏழு குரல்.

வீட்டில் எல்லோரும், பாட்டு நடுவில் நிற்கவே இல்லை, நன்றாக இருந்தது என்றார்கள். அஸ்வினி தூங்காமல் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா பாடவே இல்ல மாமா. நீ இன்னும் சரின்னு சொல்லலையாம்."

கலைப்பிரியா நிறுத்தினாள்.

"சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான?" என்றான் சேரன். குரல் இறங்கியிருந்தது.

"சொன்னா, அவளப் பாட விடாதது நான்தான்னு அந்தப் புள்ளகிட்ட ஒத்துக்கினாப்புல ஆயிடும்ல? ஒரு வருஷமா அவரு வாயத் தொறக்கல. கோயில்ல பாடறதும் இல்ல. அந்தப் புள்ள மட்டும் தெனம் படுக்கறதுக்கு முன்ன சொல்லுது. அம்மா இன்னும் நின்னுக்கினே இருக்காங்க மாமான்னு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "இத்தயும் நோட்டுல எழுதிக்கினுதான இருக்க, பானு?"

அந்தப் பாட்டு அவளிடம் இருக்கிறதா என்று கேட்டேன். திண்டிவனத்தில் தன் வீட்டில் அன்று இரவு போனில் பதிவு செய்து வைத்திருந்தாள், எனக்கு அனுப்பினாள். அதில் இடைவெளி எதுவும் இல்லை என்றாள்.

நேற்றிரவு கேட்டேன். இரண்டாம் சரணத்துக்குப் பிறகு சின்ன இடைவெளி இருக்கிறது. எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை. மூச்சு மட்டும். அதுவும் என்னுடையதாக இருக்கலாம் என்று நினைத்து நீளத்தை மட்டும் குறித்துவைத்தேன். முதல் வரியில் சொன்ன பிழை அதுதான்.

இவ்வளவும் எழுதிவிட்டு, எண்ணைச் சரிபார்க்க இப்போது மறுபடி போனை எடுத்தேன். நான்கு நிமிடம் முப்பத்தொரு நொடி. இரண்டு முறை பார்த்தேன். பிழை இல்லை. நேற்றைய எண்ணும் பிழையில்லை; இடைவெளிதான் நீள்கிறது.

நாளை: வகுப்புக்கு லீவு சொல்ல வேண்டும். நான்கு மணி பஸ்ஸில் கலைப்பிரியாவோடு விழுப்புரம், அங்கிருந்து முகையூர். ஒன்பதரைக்குள் அலெக்ஸ் பெரியப்பா கையில் போனைக் கொடுக்க வேண்டும். அஸ்வினி பக்கத்தில் இருக்க வேண்டும்.